பழைய மாதிரி ரயிலுக்குப் புதுச் சக்கரம்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் திருமங்கலம், திண்டுக்கல் பக்கமும் பல வீடுகளில் பரண்மேல் மாதிரி ரயில் செட்டு ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரிலோ மலேயாவிலோ லண்டனிலோ இருந்த யாரோ ஒரு தாத்தா, சித்தப்பா கொண்டு வந்தது. அதை இறக்கித் தூசி தட்டிப் புதுத் தண்டவாளம் வாங்கிப் போட்டதும் வண்டி தடம் புரள்கிறது. அப்போது கிளம்பும் சந்தேகங்கள் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் பேசிய மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். அளவுகள் எல்லாம் மில்லிமீட்டரில்.

"பழைய தண்டவாளத்துல ஜம்முனு ஓடுன வண்டி, புதுசுல ஏன் ஓட மாட்டேங்குது? வண்டி கெட்டுப் போச்சா?"

வண்டி கெடவில்லை. சக்கரத்தின் உள்பக்கம் தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்கி நிற்கும் விளிம்பைப் பிளாஞ்ச் என்பார்கள். பழைய செட்டுகள் தரையில் விரித்து ஓட்டுவதற்காகச் செய்தவை. மேடு பள்ளத்திலும் சரியாகச் சேராத இணைப்பிலும் வண்டி கவிழாமல் இருக்க, பிளாஞ்சை ஆழமாகவும் தடிமனாகவும் வைத்தார்கள். லிமா கம்பெனியின் பழைய வண்டிகளில் அது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டி இறங்கும். இன்றைய சக்கரத்தில் 0.6 அல்லது 0.7 தான். தண்டவாளமும் அந்தச் சின்ன பிளாஞ்சுக்கு ஏற்றபடி மாறிவிட்டது.

எங்கே தகராறு என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். வண்டி ஓடும்போது நேர்ப் பாதை முழுக்கத் தடதடவென்று கட்டைக்குக் கட்டை சத்தம் வந்தால், பிளாஞ்ச் கீழே போய் இடிக்கிறது. மற்ற இடத்தில் அமைதியாக ஓடி, பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்டில் மட்டும் ஏறிக் குதித்தால், இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி சரியில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேவையில்லாமல் செலவு ஆகும்.

"பழசும் 16.5, புதுசும் 16.5 தானே சார்? அப்புறம் என்ன இடைவெளி வித்தியாசம்?"

16.5 என்பது தண்டவாளத்தின் உள் அகலம். நான் சொல்வது ஒரே ஆக்சிலில் உள்ள இரண்டு சக்கரங்களின் உள்முகத்துக்கு உள்முகம் உள்ள தூரம். ரயில்வே கேரியேஜ் ஆட்கள் இதை வீல் கேஜ் என்பார்கள். நம் அகல ரயில் பாதையில் அது 1600 மி.மீ., மீட்டர் கேஜில் 930. நிஜ ரயிலில் அனுமதித்த ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டிக் கூடினாலோ குறைந்தாலோ பெட்டியைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள். மாதிரி ரயிலிலும் அதே கவனம் வேண்டும்.

பாயிண்டில் சக்கரத்தை வழிநடத்த உள்பக்கம் செக் ரயில் இருக்கும். பிளாஞ்ச் போக ஒவ்வொரு பக்கமும் 1.25 வழி விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 16.5-இல் 2.5 போனால் நடுவில் 14.0 மிஞ்சும். சக்கரங்களின் வீல் கேஜ் அந்த 14.0-ஐவிடக் கூடுதலாக இருந்தால்தான் இரண்டு பக்கமும் தாராளமாகக் கடக்கும். 16.5 பாதையில் ஓடும் இன்றைய ஓஓ, எச்ஓ என்ற இரண்டு மாதிரி அளவு வண்டிகளுக்கு 14.4 முதல் 14.5 வரை வைக்கிறார்கள். இங்கிலாந்தின் டிரையாங் கம்பெனியுடைய பழைய சக்கரங்கள் பல 14-க்கும் கீழே இருக்கும். அது செக் ரயிலை இறுக்கிப் பிடித்து மேலே ஏறிவிடும். பழைய பாயிண்டுகளில் வழியை அகலமாக விட்டிருந்ததால் அப்போது பிரச்சினை தெரியவில்லை.

"என்கிட்ட இருக்கிறது எந்தக் காலத்து வண்டின்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

அடிப்பக்கத்தில் அச்சடித்த பெயரைப் பாருங்கள். டிரையாங் கம்பெனியை நடத்திய லைன்ஸ் பிரதர்ஸ் 1964-இல், ஹார்ன்பி ரயில்களைச் செய்த மெக்கானோவை வாங்கியது. அதோடு ஹார்ன்பி பெயரும் கைக்கு வந்தது. அதனால் வெறும் டிரையாங் என்றிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. டிரையாங் ஹார்ன்பி என்றிருந்தால் 1965-க்குப் பிறகு. ஹார்ன்பி ரயில்வேஸ் என்றிருந்தால் 1972-இலிருந்து. லிமா இத்தாலிக் கம்பெனி, 2004-இல் அதன் சொத்துகளையும் ஹார்ன்பி வாங்கிக்கொண்டது.

பெயரைவிட அளவுதான் முக்கியம். ஒரே பெயரில் வந்த வண்டிகளிலும் சக்கரம் வருஷத்துக்கு வருஷம் மாறியிருக்கிறது.

"கோட் 100, கோட் 75-னு தண்டவாளத்துல போட்டிருக்கே, அது என்ன?"

தண்டவாளத்தின் உயரம், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை என்பது. கோட் 100 என்றால் 2.54 மி.மீ., கோட் 75 என்றால் 1.9 மி.மீ. கோட் 75 பார்வைக்கு நிஜத் தண்டவாளம் போலவே இருக்கும். ஆனால் கட்டையோடு தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சேரின் தலை உள்பக்கம் எழும்பி நிற்பதால், ஆழமான பிளாஞ்சுக்கு இடம் போதாது.

பழைய வண்டிகள் நிறைய இருந்தால் கோட் 100 வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து. பாதி வேலை அதிலேயே குறையும். பல பழைய பெட்டிகள் சக்கரம் மாற்றாமலே அதில் ஓடும், பாயிண்டை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

"அளக்கிறதுக்கு என்ன வாங்கணும்? ஸ்கேல் போதாதா?"

போதாது. இங்கே 0.3 மி.மீ. வித்தியாசத்தில்தான் வண்டி ஓடுவதும் கவிழ்வதும் இருக்கிறது. டிஜிட்டல் வெர்னியர் ஒன்று வாங்கிவிடுங்கள். தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் பத்தர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். அங்கேயே மெல்லிய முனை இடுக்கியும் சின்னக் குறடும் வாங்கிக்கொள்ளலாம், இரண்டும் இந்த வேலைக்குத் தேவைப்படும்.

வெர்னியரின் உள் அளவுத் தாடையைச் சக்கரங்களுக்கு நடுவில் விட்டு அளக்கவும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் 14.2, எதிர்ப்பக்கம் 14.6 என்று வந்தால் சக்கரம் ஆக்சிலில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அதைத் தள்ளி நகர்த்திப் பிரயோஜனம் இல்லை, சக்கரத்தையே மாற்ற வேண்டும்.

நிறைய வண்டிகள் இருந்தால், 14.4 அகலத்துக்கு ஒரு பித்தளைக் கட்டையைச் சீவித் தரச் சொல்லுங்கள். ஆக்சில் உட்கார ஒரு காடி வெட்டிவிட்டால், சக்கரத்துக்கு நடுவில் அதைச் சொருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் எண்ணைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

"சக்கரத்தையே மாத்தணுமா? இருக்கிறதை வெளிப்பக்கம் இழுத்து வச்சா ஆகாதா?"

பல சமயம் ஆகும். புதிதாக வாங்கும் முன் இதைத்தான் முயல வேண்டும். இரண்டு சக்கரத்தையும் இரண்டு கையில் பிடித்து, எதிரெதிர்ப் பக்கம் லேசாகத் திருகிக்கொண்டே வெளியே இழுங்கள். திருகாமல் இழுத்தால் சக்கரம் கோணிக்கொள்ளும். இரண்டு பக்கமும் சமமாக நகர வேண்டும், இல்லாவிட்டால் சக்கரங்கள் வண்டியின் நடுவை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. பிளாஞ்சின் தடிமனையும் அளந்து கணக்குப் போடுங்கள். இன்றைய சக்கரத்தில் தடிமன் முக்கால் மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 14.4-உடன் இரண்டு பக்கமும் சேர்த்து 1.5 கூட்டினால் 15.9, தண்டவாளத்துக்குள் 0.6 விளையாட்டு மிஞ்சுகிறது. பழைய சக்கரத்தின் பிளாஞ்ச் முழு ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால் 14.4 கூட்டல் 2.0, ஆக 16.4. நேர்ப் பாதையில் ஏதோ ஓடும், வளைவில் இறுகி நிற்கும். அப்படிப்பட்ட சக்கரத்தை இழுத்து வைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

"புதுச் சக்கரம் ஆர்டர் போடும்போது என்னென்ன அளவு சொல்லணும்?"

மூன்று அளவு. முதலில் சக்கரத்தின் விட்டம். பிளாஞ்சைச் சேர்க்காமல், தண்டவாளத்தில் படும் பரப்பை அளக்க வேண்டும். பிரிட்டிஷ் ஓஓ சரக்கு வண்டிக்கு 12.6, பயணிகள் பெட்டிக்கு 14.1 வழக்கம். மாற்றிப் போட்டால் பெட்டி முக்கால் மில்லிமீட்டர் ஏறும் அல்லது இறங்கும், பக்கத்து வண்டியோடு கப்ளிங் சரியாகக் கோக்காது.

இரண்டாவது ஆக்சிலின் நீளம், கூர்முனைக்குக் கூர்முனை. ஓஓ வண்டிகளில் 26-ஐ ஒட்டி இருக்கும், எச்ஓ-வில் பெரும்பாலும் 24-க்கும் 25-க்கும் நடுவில். அரை மில்லிமீட்டர் நீளம் கூடினால், பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் போகியின் பக்கச் சட்டம் விரிந்து சக்கரம் இறுகும், குறைந்தால் தூக்கும்போதே கீழே விழும். பழைய ஆக்சிலைக் கழற்றி அளப்பதுதான் நம்பகமான வழி.

மூன்றாவதாக முனையின் வடிவத்தைப் பாருங்கள். பழைய டிரையாங் சரக்கு வண்டிகள் சிலவற்றில் ஆக்சில் முனை கூராக இல்லாமல் மொட்டையாக இருக்கும். அதில் இன்றைய கூர்முனை ஆக்சில் நேராக உட்காராது. பக்கச் சட்டத்தில் துளை போட்டுப் பித்தளைக் கிண்ண பேரிங் பதித்தால் சரியாகிவிடும், உருளுவதும் அருமையாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது தபால் செலவும் சுங்க வரியும் சேருவதால், ஒன்றிரண்டாக வாங்காமல் எல்லா வண்டியையும் அளந்து ஒரே தடவையில் வாங்குங்கள்.

"பிளாஸ்டிக் சக்கரம் நல்லாத்தானே உருளுது, எதுக்கு மெட்டல்?"

பிளாஸ்டிக் சக்கரம் அழுக்கைச் சேர்த்துத் தண்டவாளம் முழுக்கப் பூசிவிடும். நம் ஊர்த் தூசியில் அது சீக்கிரமே கறுப்புப் பசையாக மாறி, இன்ஜினுக்குப் போகும் மின்சாரத்தைத் தடுக்கும். இன்ஜின் திக்கித் திக்கிப் போகிறது என்று வந்த புகார்கள் பலவற்றில், குற்றவாளி பின்னால் வரும் பெட்டியின் பிளாஸ்டிக் சக்கரம்தான். மெட்டல் சக்கரம் எடையைக் கீழே வைப்பதால் வண்டி ஆடாமலும் ஓடும்.

"மெட்டல் மாத்துனதும் கன்ட்ரோலர் கட் ஆகுது. ஷார்ட்டா?"

ஷார்ட்தான். இரண்டு தண்டவாளத்தில் ஒன்றில் பாசிட்டிவ், மற்றதில் நெகட்டிவ் ஓடுகிறது. இரண்டு சக்கரமும் ஆக்சிலும் உலோகமாக இருந்து நடுவில் தடுப்பு இல்லாவிட்டால் இரண்டும் இணைந்துவிடும். நல்ல சக்கரத் தொகுதியில் ஒரு சக்கரத்திலாவது, ஆக்சில் நுழையும் இடத்தில் பிளாஸ்டிக் புஷ் இருக்கும். மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்துச் சக்கரத்துக்குச் சக்கரம் தொட்டுப் பாருங்கள், சத்தம் வரக்கூடாது.

சக்கரம் சரியாக இருந்தும் ஷார்ட் ஆனால், வண்டியின் அடித்தளம் உலோகமா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தடுப்பு உள்ள சக்கரங்களை ஒன்றை இப்படியும் ஒன்றை அப்படியும் திருப்பிப் போட்டிருந்தால், உலோக அடித்தளம் வழியாக மின்சாரம் குறுக்கே பாயும். தடுப்பு உள்ள சக்கரம் எல்லா ஆக்சிலிலும் ஒரே பக்கம் இருக்கட்டும்.

"பழைய வண்டியில சக்கரத்தை மாத்துனா மதிப்பு குறைஞ்சிடுமா அண்ணே?"

கழற்றிய சக்கரத்தைத் தூக்கிப் போடாமல், எந்த வண்டியுடையது என்று எழுதி ஒரு கவரில் போட்டு அதே பெட்டியில் வைத்துவிட்டால் குறையாது. எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம். சட்டத்தில் துளை போடுவது, பிளாஞ்சைக் கடைவது போன்றவற்றைத்தான் திரும்பப் பெற முடியாது. அட்டைப்பெட்டி கிழியாமல் இருக்கும் அரிய செட்டு என்றால் அதைத் தொடாமல் வைத்து, ஓட்டுவதற்கு அடிபட்ட வண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

"இன்ஜினுக்கும் இதே மாதிரி சக்கரத்தைக் கழட்டி மாட்டிடலாமா?"

டீசல், எலக்ட்ரிக் இன்ஜினில் மோட்டார் இல்லாத போகிக்குப் பெட்டிக்குச் செய்வதையே செய்யலாம், மின்சாரம் எடுக்கும் தகடு சக்கரத்தின் உள்முகத்தைத் தொடுகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் போகி வேறு கதை. பழைய லிமா இன்ஜின்களில் ஒரு பக்கச் சக்கரத்தின் பின்புறத்திலேயே பல்சக்கரம் இருக்கும். வெறும் சக்கரம் வாங்கி அங்கே மாட்ட முடியாது. இங்கிலாந்தின் அல்ட்ராஸ்கேல் மாதிரியான கம்பெனிகள் இதற்கென்றே பல்சக்கரத்தோடு தொகுதி செய்கின்றன. விலையும் காத்திருப்பும் அதிகம், ஆனால் வேலை சுத்தம்.

நீராவி இன்ஜினில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். இடது, வலது சக்கரங்களின் கிராங்க் பின் (இணைப்புக் கம்பி மாட்டும் ஆணி) ஒன்றுக்கொன்று 90 பாகை தள்ளி இருக்கும். எல்லா ஆக்சிலிலும் அந்தக் கோணம் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் ஆக்சிலில் சற்று விலகினாலும் இணைப்புக் கம்பி இறுகி, சக்கரம் அரைச் சுற்றுக்கு ஒருமுறை நொண்டும். அதனால் மேலே சொன்னபடி திருகி இழுக்கும் முறையை இன்ஜினின் ஓட்டுச் சக்கரத்தில் செய்யவே கூடாது. உங்கள் இன்ஜினின் ஆக்சிலை முதலில் அளந்து பாருங்கள். ராம்ஃபோர்ட் வகைச் சக்கரங்கள் எட்டில் ஒரு அங்குல, அதாவது 3.175 ஆக்சிலுக்குச் செய்தவை. அவற்றின் ஆக்சில் முனை சதுரமாக இருப்பதால் 90 பாகை தானாகவே அமைந்துவிடும், முதல்முறை செய்பவர்களுக்கு அதைத்தான் சொல்லுவேன். பழைய பல்சக்கரம் புது ஆக்சிலில் இறுக்கமாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

"கே.புதூர் சிட்கோவுல தெரிஞ்ச லேத் பட்டறை இருக்கு. அங்க குடுத்து பிளாஞ்ச்சைக் கடைஞ்சுக்கலாமா?"

கடையலாம். மாற்றுச் சக்கரமே கிடைக்காத இன்ஜினுக்கு இது நல்ல வழி. ஆனால் பெரிய லேத்தில், தேய்ந்த மூன்று தாடைச் சக்கில் பிடித்துக் கடைந்தால் சக்கரம் மையம் விலகி ஆடும். பிடிப்பதற்குச் சரியான அளவு காலெட் (சுற்றிலும் சமமாகப் பிடிக்கும் பிடிப்பு) இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம். தண்டவாளத்தில் படும் பரப்பைத் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அதில் முலாம் இருந்தால் போய்விடும். அந்தப் பரப்பு லேசான சரிவோடு இருப்பதும் காரணத்தோடுதான். அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் ஆர்பி 25 வடிவத்தில் அந்தச் சரிவு 3 பாகை, நம் ரயில்வே சக்கரத்தின் 20-க்கு 1 சரிவும் ஏறக்குறைய அதே அளவுதான்.

ஆழம் 0.7 அல்லது 0.8 வந்ததும் நிறுத்தி, முனையை உருட்டிவிட வேண்டும். கூராக விட்டால் பாயிண்டில் நகரும் நாக்குத் தண்டவாளத்தைப் பிளந்துகொண்டு போகும். பிளாஸ்டிக் மையம் உள்ள சக்கரம் என்றால் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும், சூடு ஏறினால் மையம் இளகிவிடும். இன்ஜினைத் தலைகீழாகப் பிடித்து மோட்டாரை ஓட்டிக்கொண்டே அரத்தை வைத்துத் தேய்க்கச் சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். இரும்புத் தூள் முழுக்க மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டும். அதைச் செய்யாதீர்கள்.

"எங்க வீட்டு செட்டுக்கு மூணு தண்டவாளம். அதை ரெண்டு தண்டவாளத்துல ஓட்டணும்."

ஹார்ன்பி டப்லோவாக இருக்கலாம், 1938-இல் தொடங்கியது. 1959-இலிருந்து இரண்டு தண்டவாள வகையும் வந்தது. மூன்று தண்டவாள வகையில் இரண்டு வெளித் தண்டவாளமும் ஒரே முனை என்பதால் சக்கரத்தில் தடுப்பே கிடையாது. புதுப் பாதையில் வைத்ததும் மேலே சொன்ன ஷார்ட்தான். பெட்டிகளுக்குத் தடுப்பு உள்ள சக்கரம் போட்டால் முடிந்தது. இன்ஜினுக்குச் சக்கரத்தோடு மின்சாரம் எடுக்கும் அமைப்பையும் மாற்ற வேண்டும்.

ஜெர்மன் மெர்க்லின் வண்டி என்றால் இன்ஜினை விட்டுவிடுங்கள், அது ஏசி மின்சாரத்தில் ஓடுவது. பெட்டிகளை மட்டும் சக்கரம் மாற்றி நம் பாதையில் ஓட்டலாம்.

"எல்லாம் மாத்தியாச்சு, அளவும் 14.4 தான். ஆனாலும் ஒரே ஒரு பாயிண்ட்ல குதிக்குது."

அப்படியானால் பாயிண்டைச் சந்தேகப்படுங்கள். எல்லா வண்டியும் அதே இடத்தில் குதித்தால் பாயிண்டின் தவறு. ஒரு வண்டி மட்டும் எல்லாப் பாயிண்டிலும் குதித்தால் வண்டியின் தவறு. பாயிண்டைப் பலகையில் ஆணி அடித்து இறுக்கியிருந்தால் நடுவில் வளைந்து, 16.5 என்பது 16.3 ஆகியிருக்கும். ஆணியை லேசாகத் தளர்த்திப் பாருங்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடி அறையில் வைத்த பாதை என்றால், இணைப்பில் இடைவெளி விடாததால் தண்டவாளம் நீண்டு நெளிந்திருக்கவும் வாய்ப்புண்டு.

வீல் கேஜ் 14.8 பக்கம் போனாலும் குதிக்கும், ஆனால் இடம் வேறு. குறைவாக இருந்தால் செக் ரயிலில் ஏறும், கூடுதலாக இருந்தால், இரண்டு தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராசிங்கின் கூர் மூக்கில் முட்டும். பக்கவாட்டில் டார்ச் அடித்து மெதுவாகத் தள்ளிப் பார்த்தால் எங்கே தூக்குகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

"புதுத் தண்டவாளத்துல என் டிரையாங் இன்ஜின் முன்ன மாதிரி பாரம் இழுக்கலையே?"

சில டிரையாங் இன்ஜின்களில் சக்கரத்துக்கு மேலே காந்தம் வைத்திருப்பார்கள். அன்றைய தண்டவாளம் எஃகு. காந்தம் சக்கரத்தை அதோடு இழுத்துப் பிடித்ததால் எடைக்கு மேல் இழுவை கிடைத்தது. இன்றைய தண்டவாளம் நிக்கல் சில்வர், காந்தம் அதில் ஒட்டாது. துருப்பிடிக்காத நன்மைக்காக இந்த இழுவையை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஓட்டுச் சக்கரத்துக்கு மேலே ஈயத் தகடு வைத்து எடை கூட்டினால் பெரும்பகுதி திரும்ப வரும். பெட்டிகளுக்குக் கூர்முனை ஆக்சில் போட்டுவிட்டால் அவை லேசாக உருளும், இன்ஜினுக்கு வேலையும் குறையும்.

"பழைய வெளிநாட்டுப் பெட்டியில சக்கரம் மாத்தி நம்ம ஊர் வண்டியா ஆக்கணும். போடி மீட்டர் கேஜ் வண்டி செய்ய முடியுமா?"

அகலப் பாதை வண்டி என்றால், எச்ஓ அளவுக்கு நிஜ அளவை 87-ஆல் வகுத்தால் போதும். ஐசிஎஃப் பெட்டிச் சக்கரம் 915, ஆகவே 10.5. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் எச்ஓ அளவு அது. டபிள்யூடிஎம் 2 டீசலின் சக்கரம் 1092, ஆகவே 12.55. மேலே சொன்ன ஓஓ சரக்கு வண்டியின் 12.6 சக்கரம் விட்டத்தில் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். 1676 அகலப் பாதை இந்த அளவில் 19.3 வர வேண்டும், 16.5-இல் கொஞ்சம் ஒடுங்கியே தெரியும். பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்டு ஓட்டுகிறார்கள், நானும் அதைத்தான் சொல்லுவேன். பாயிண்ட் முதல் சக்கரம் வரை எல்லாமே கடையில் கிடைக்கும் வசதியை விட வேண்டாம்.

மதுரை–போடி மீட்டர் கேஜ் 2010 கடைசியோடு நின்று, 2023-இல் அகலப் பாதையாகப் போடி வரை திரும்ப வந்தது. அந்தப் பழைய வண்டிக்கு 1000 மி.மீ. பாதை எச்ஓ-வில் 11.5, அதாவது கடையில் கிடைக்கும் 12 மி.மீ. தண்டவாளம். 2022-இல் ஹார்ன்பி கொண்டுவந்த டிடி 120 வகையின் பாதையும் 12 தான், கட்டைகளின் இடைவெளி மட்டும் நெருக்கமாக இருக்கும். பழைய 16.5 பெட்டியின் ஆக்சிலில் சக்கரத்தை உள்ளே தள்ளி 12-க்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள், போகியின் பக்கச் சட்டம் சக்கரத்தை விட்டு வெகுதூரம் வெளியே நிற்கும். 12 மி.மீ. வண்டியின் போகியை முழுசாக வாங்கி அதன்மேல் பெட்டியைக் கட்டுங்கள். ஒய்பி என்ற மீட்டர் கேஜ் நீராவி இன்ஜினின் ஓட்டுச் சக்கரம் 1372, ஆகவே 15.8. அந்த விட்டத்தில் ஆறு சக்கரம் ஒன்றாக ஓடும் 12 மி.மீ. இன்ஜின் சட்டம் கிடைப்பதுதான் கஷ்டம். முதலில் அதைத் தேடிப் பிடித்துவிட்டு, அப்புறம் உடம்பைக் கட்ட ஆரம்பியுங்கள்.